மண்ணுக்கு மூடாக்கு போடுகிறோம்... மாடிக்கு?

இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது கேள்வி-பதில் பகுதியைத்தான். பங்குனி பிறந்துவிட்டால் அதில் வெயில் பற்றிய கேள்விகள் கூடிவிடும். ‘கறவை மாடு மூச்சிரைக்கிறது, பால் குறைகிறது. கொட்டகைக் கூரையை என்ன செய்யலாம்?’ என்று ஒருவர் கேட்டிருப்பார். ‘நாற்றங்காலுக்கு 50 சதவிகித நிழல்வலை போதுமா?’ என்பார் இன்னொருவர். ‘மூடாக்குக்கு வைக்கோல் நல்லதா, கரும்புச் சோகை நல்லதா?’ என்று மற்றொருவர். எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால், ‘என் வீட்டு மாடி கொதிக்கிறது, ராத்திரியில் படுக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?’ என்று ஒரு விவசாயி கேட்டு நான் படித்த ஞாபகம் இல்லை. மாட்டுக்கும் நாற்றுக்கும் மண்ணுக்கும் நிழல் தேடுகிற நாம், பெற்ற தாய் படுத்திருக்கும் அறைக்கு ஒரு ஃபேனை மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதுவும் போதாவிட்டால் தவணையில் ஒரு ஏசி.

எனக்கு ஊர் சிறுசேரி. பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டி, சிப்காட் ஐ.டி பூங்கா இருக்கும் ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஏரியும், கொஞ்சம் வயலும், பனைமரங்களும் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஒன்றரை ஏக்கர். ஒரு போகம் நெல், மற்ற நாட்களில் கீரை, வெண்டை, கத்திரி. வீடு, என் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கட்டிய கான்கிரீட் வீடு. இரண்டு படுக்கை அறை, ஒரு கூடம்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் என் தங்கை மகன். ஐ.டி நிறுவனங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறான். முழுக்க முழுக்க ராத்திரி ஷிப்ட். காலை எட்டு, எட்டரைக்கு வீடு திரும்பி, கஞ்சியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பான். மூன்று, நான்கு மணிவரை தூங்கினால்தான் அன்றைக்கு ராத்திரி கண் விழித்து ஓட்ட முடியும். நம்மில் பலருக்கு வீட்டுச் சூடு என்பது உட்கார்ந்து விசிறிக்கொள்ளும் தொந்தரவு. அவனுக்கு அது, விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது கண் சொக்குமா சொக்காதா என்ற கேள்வி. பின் சீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் சொந்தமாக வீடு கட்ட மனை போட்டான். நாலு சென்ட். ‘ஏசிக்கு எத்தனை டன் மாமா வாங்கணும்?’ என்று என்னிடம் கேட்டான். வீட்டுக்கு அஸ்திவாரமே தோண்டவில்லை, அதற்குள் ஏசி. ‘மாப்ளே, நிலத்தை உழறதுக்கு முன்னாடியே மருந்து வாங்கி வெக்கிறியே’ என்றேன். அங்கே தொடங்கிய பேச்சு ஆறு மாதம் ஓடியது. அதில் நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததையும் படித்ததையும் விசாரித்ததையும்தான் இங்கே சொல்கிறேன்.

சூடு எந்த வழியாக வருகிறது?

பயிருக்கு நோய் வந்தால், எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அதேபோல வீட்டுக்குள் சூடு எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

சிறுசேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 பாகையில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஒன்று, ஏப்ரல் 24, 25 வாக்கில். சித்திரை பத்தைத் தாண்டும் நாட்கள். இன்னொன்று, ஆகஸ்ட் 18, 19 வாக்கில். ஆவணி பிறந்த கையோடு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடை மாதங்களில் நடுப்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே போகும். ஆகவே கோடை உச்சியில் தெற்குச் சுவரில் வெயில் விழுவது குறைவு. கிழக்குச் சுவரில் காலை வெயில், மேற்குச் சுவரில் மாலை வெயில். காலையிலிருந்து மாலைவரை விடாமல் வெயில் வாங்குவது மாடி ஒன்றுதான்.

நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் என்பது பெரிய தோசைக்கல். பகலெல்லாம் வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. சில மணி நேரம் தள்ளி விடும். வெளியே வேப்பமரக் காற்று சிலுசிலுவென்று வரும் ராத்திரி ஒன்பது மணிக்கு, உள்ளே ஃபேன் போட்டால் அனல் காற்று இறங்குவது இதனால்தான். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. மேலே தளத்தை ஒட்டி நிற்கும் சூட்டைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். கத்திரி நாட்களில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, உள்பக்கத் தளத்தில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு வடக்குச் சுவரில் வையுங்கள். அடுத்து மேற்குச் சுவர். எந்தப் பக்கம் உங்கள் எதிரி என்று கை சொல்லிவிடும். ஒரு பைசா செலவில்லை.

பாதி மாடிக்குச் சுண்ணாம்பு

புது ரகம் ஒன்று வந்தால் மொத்த நிலத்திலும் போட மாட்டோம். ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தைப் போட்டு, இரண்டையும் பார்ப்போம். மாடியிலும் அதையே செய்தேன். என் வீட்டில் இரண்டு படுக்கை அறையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு. மாசிக் கடைசியில், ஓர் அறைக்கு மேலே உள்ள மாடிக்கு மட்டும் வெள்ளை அடித்தேன். இன்னோர் அறைக்கு மேலே அப்படியே விட்டேன்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, அதில் வெள்ளை சிமென்ட்டும் மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையும் கலந்தோம். மாடியை நன்றாகக் கூட்டி, பாசியைச் சுரண்டி, கழுவிக் காயவிட்டு, சாயங்கால வேளையில் இரண்டு கோட்டு அடித்தோம். வெயிலில் அடித்தால் உடனே காய்ந்து பொடியாக உதிரும். சாமான், ஓர் ஆள் கூலி எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்குள்தான் ஆனது.

மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடிக்குப் போனால் வித்தியாசம் காலுக்கே தெரியும். பழைய பக்கத்தில் நாலு அடி எடுத்து வைக்க முடியாது. வெள்ளைப் பக்கத்தில் நிற்கலாம். கறுத்துப்போன கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. புதுச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நிழல்வலை செய்யும் வேலையைத்தான் இது வேறு வழியில் செய்கிறது.

தங்கை மகனிடம் நான் எதுவும் விளக்கவில்லை. ‘ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு நாள் நம்ம வீட்ல வந்து படு. மொத நாள் இந்த ரூம்ல, மறுநாள் அந்த ரூம்ல’ என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் நாள் அவன் மூன்றரை மணிக்குத்தான் எழுந்து வந்தான். முதல் நாள் ஒரு மணிக்கே வியர்த்து எழுந்து கூடத்தில் வந்து படுத்தவன். ‘அந்த ரூம்ல என்னா மாமா பண்ணி வெச்சிருக்க?’ என்றான். மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். ‘இதுக்கா நான் ஏசி கம்பெனியில தவணை கேட்டுட்டு வந்தேன்!’ என்றான்.

சுண்ணாம்பு மந்திரம் இல்லை. மழை கழுவிவிடும்; தூசி படிந்தால் வேலை செய்யாது. வருஷா வருஷம் மாசி, பங்குனியில் ஒரு கோட்டு அடிக்க வேண்டும். ஒழுகல், விரிசல் இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தவர்கள் கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். எது செய்தாலும் தத்துவம் ஒன்றுதான்: வெயில் தளத்துக்குள் போவதற்கு முன்னால் தடுக்க வேண்டும். குஜராத்தில் அகமதாபாத் மாநகராட்சி 2013-இல் வெப்பச் செயல் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2017-இலிருந்து ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் தொடங்கியது. பெரிய நகரமே இந்த எளிய வேலையை நம்பியிருக்கிறது.

பசுமை வீடு என்றால் சோலார் விளக்கா?

எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது பாதி வீடுகள் கீற்றும் பனையோலையும் வேய்ந்தவை. அந்த வீடுகள் குளிர்ச்சியாக இருந்தது உண்மை. ஒரு தீப்பொறி விழுந்தால் தெருவே போய்விடும் என்பதும் உண்மை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். ஐப்பசி மழையில் ஒழுகாத மூலை தேடி அம்மா எங்களை இழுத்து இழுத்துப் படுக்க வைத்ததை மறக்க முடியாது. அதனால், ‘பழைய வீடே நல்ல வீடு’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கான்கிரீட் வீடு எங்கள் மக்கள் ஆசைப்பட்டு வாங்கிய பாதுகாப்பு.

அரசும் அந்த ஆசைக்குக் கை கொடுத்தது. 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. அடுத்து 2011-12-இல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு. தொடக்கத்தில் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. படுக்கை அறை, கூடம், சமையல் அறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று ஐந்து இடத்தில் ஐந்து சி.எஃப்.எல் விளக்குகள். வருஷத்துக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. கரன்ட் போன ராத்திரியிலும் பிள்ளைகள் படிக்க அந்த விளக்குகள் உதவின. அது நல்ல காரியம்.

ஆனால், ‘பசுமை வீடு’ என்றால் மாடியில் சோலார் பலகை உள்ள வீடு என்று நம் மனதில் பதிந்துபோனது. ஐந்து சி.எஃப்.எல் விளக்குகள் இழுப்பதும் ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். விளக்கை மிச்சம் பிடித்த அதே வீட்டில், சுட்ட தளத்துக்குக் கீழே இரண்டு ஃபேன் ராத்திரி பகலாக ஓடினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? மின்சாரச் சிக்கனம் ஸ்விட்ச் போர்டில் தொடங்குவதில்லை. தளத்திலும் சுவரிலும் ஜன்னலிலும் தொடங்குகிறது. இது நம் ஊர்களில் இன்னும் பேச்சாகவில்லை.

இப்போது 2024-இலிருந்து கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இந்தத் திட்டத்தில் வீடு கட்டும் நம் உறவுக்காரர்கள் யாராவது இருந்தால், தளம் போட்டு முடித்த வருஷமே மேலே வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். சின்ன வீட்டில் தளமும் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பலன் கூடுதலாகத் தெரியும்.

மாடிக்கு என்னென்ன மூடாக்கு?

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு வெள்ளை அடிப்பது முதல் வேலை. இரண்டாவது, பந்தல். நாம் நிலத்தில் கட்டும் அதே நிழல்வலையை மாடியில் ஏழடி உயரத்தில் கட்டலாம். அதைவிட நல்லது, பெரிய தொட்டிகளில் பீர்க்கன், புடலை, கோவை வைத்துக் கொடிப்பந்தல் போடுவது. காயும் ஆச்சு, நிழலும் ஆச்சு. தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் ஓடும் இடங்களுக்கு மேலே, செங்கல் வைத்து உயர்த்தி வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் வலையைக் கழற்றிவிடுங்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் எங்கள் பக்கத்தில் எதை எதையெல்லாம் பறக்கவிட்டது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

செய்யக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது ஒன்று. லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது கட்டுப்படியாகாது. தளத்துக்குக் கீழே தெர்மாகோல் அட்டையை ஒட்டுவது இன்னொன்று. அது சுலபமாகத் தீப்பிடிக்கும். பிடித்தால் நச்சுப் புகை. தீக்குப் பயந்துதான் நாம் கூரை வீட்டையே விட்டோம்.

சிமென்ட் ஷீட், தகர ஷீட் போட்ட வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இதே வைத்தியம்தான். ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளை அடிக்க வேண்டும், முடிந்தால் மேலே தென்னங்கீற்று பரப்பிக் கட்ட வேண்டும். அடிக்கும்போது ஷீட்டில் நேராகக் கால் வைக்காமல், கீழே சட்டம் ஓடும் இடத்தில் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வழி இன்னும் நிறைய. நம் பழைய கொத்தனார்கள் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் போட்டு, தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது உண்டு. சூட்டுக்கும் ஒழுகலுக்கும் ஒரே மருந்து அது. இன்றைக்கு நேரமாகிறது என்று அதை விட்டுவிட்டு சிமென்ட்டைப் பூசிவிட்டுப் போகிறார்கள். கேட்டால் செய்து தரும் கைகள் இன்னும் இருக்கின்றன.

கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்தவர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையை அவர் பரவலாக்கினார். ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கிறது. தளத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையும் அவரால் பரவியது. இதைத் தெரிந்த பொறியாளர் பக்கத்தில் நிற்காமல் செய்யக் கூடாது. நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில், 1989-இலிருந்து இயங்கும் மண் கட்டட நிறுவனம், மண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கற்களைச் சொல்லிக் கொடுக்கிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். களி அதிகமுள்ள மண்ணுக்குச் சரிவராது; மண்ணைச் சோதித்துவிட்டு இறங்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய வேலை என்று நினைப்பவர்கள், வரைபடத்திலேயே செலவில்லாமல் செய்யக்கூடியவற்றைப் பாருங்கள். மேற்குப் பக்கம் மாடிப்படி, குளியலறை, நெல் போடும் அறை வரட்டும். வாஸ்துப்படி தென்மேற்கில்தான் படுக்கை அறை வேண்டும் என்றால் இருக்கட்டும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். வெளியே பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புங்கன் வையுங்கள். ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேட் கட்டாயம். எங்கள் கடலோரத்தில் கோடை மதியங்களில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து நுழைகிறது. அந்தப் பக்கம் ஜன்னல் வைத்து, எதிர்ச் சுவரில் அது வெளியேற ஒரு திறப்பும் வைத்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கொசுவலை அடிக்காத ஜன்னல் ராத்திரியில் திறக்காத ஜன்னல். அதையும் கணக்கில் சேருங்கள்.

கரன்ட் பில்லில் என்ன மிச்சம்?

தமிழ்நாட்டில் 2016-இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால், 101-இலிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழுகிறது. அந்த 500-தான் நம் வரப்பு. அதைத் தாண்டாமல் இருப்பதில்தான் பணம் இருக்கிறது.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட் அளவுதான். அதே ஓட்டத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 96 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம்; கடையில் ஸ்டார் பார்த்துக் கேளுங்கள்.

ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் ஓடும் மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் அப்படி ஓடினால் 60 நாளில் 480-இலிருந்து 720 யூனிட். ஒரே ஏசி நம்மை வரப்பைத் தாண்ட வைத்துவிடும். சுட்ட தளத்துக்குக் கீழே மாட்டிய ஏசியில் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. குளிர்ந்த தளத்துக்குக் கீழே அது விட்டுவிட்டு ஓடும்.

சோலார் வேண்டாமா என்றால், வேண்டும்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் போல வரும். 100 சதுர அடி இடம் வேண்டும். பலகைக்குக் கீழே உள்ள மாடிக்கு நிழலும் கிடைக்கும். ஆனால் தளத்தையும் ஃபேனையும் சரி செய்த பிறகு கணக்குப் போட்டால், 3 கிலோவாட் கேட்ட வீட்டுக்கு 2 போதும் என்று வரலாம். பாசனத்துக்கு மோட்டார் வாங்கும் முன் வாய்க்காலில் உள்ள நண்டு வளையை அடைக்கிறோமே, அந்த வரிசைதான் இதற்கும்.

ஏன் யாரும் சொல்வதில்லை?

வீடு கட்டும்போது நம்மிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்! எந்தக் கம்பெனிக் கம்பி, எந்த டைல்ஸ், வாசல் எந்தத் திசை, முகப்புக்கு என்ன எலிவேஷன். சூட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் சதுர அடி ரேட்டில் பேசுகிறார். நிழலுக்கு அதில் விலை இல்லை. வங்கி படிவத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் சிப்காட் கட்டடங்களைப் பார்த்து, வீட்டின் மேற்கு முகப்பில் முழுக் கண்ணாடி வைக்கும் ஆசையும் வந்துவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் ராட்சத ஏசிகள் ஓடுவது தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏசியில் ஸ்டார் ஒட்டும் அதே மத்திய அரசு அமைப்பான பி.இ.இ, 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்காக ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையும் சுவரும் எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்று அளவு சொல்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கானது. அதாவது, இரண்டு கிரவுண்டுக்கும் மேலே. 12 சென்ட்டுக்கும் மேலே. மூன்று சென்ட், நாலு சென்ட்டில் கட்டும் நம்மை அது தொடாது.

ஆனாலும் நம்பிக்கைக்கு ஓர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தது. அன்றைக்கு முணுமுணுத்தோம். இன்றைக்கு நாம் கேட்காமலேயே கொத்தனார் ‘மழைத்தண்ணி பைப் எந்தப் பக்கம் விடலாம்?’ என்கிறார். சூட்டுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதுவரை கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

தங்கை மகன் வீட்டுக்குத் தை மாதம் தளம் போட்டார்கள். முகப்புக் கண்ணாடிக்கு ஒதுக்கிய பணம், மேலே செங்கல் ஜல்லித் தளத்துக்கும் எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேடுக்கும் போனது. பகலில் தூங்குகிறவன் என்பதால் அவன் படுக்கும் அறை வடக்குப் பக்கம். தென்மேற்கு அறை அவன் அம்மாவுக்கு, மேற்கில் ஜன்னல் இல்லாமல். ‘அண்ணா, பார்க்க மொட்டையா இருக்கே’ என்று தங்கைக்குக் குறை. ‘ஏசி பாயின்ட் மட்டும் விட்டு வெச்சிருக்கேன் மாமா, ஒரு கத்திரி பார்த்துட்டு முடிவு பண்ணலாம்’ என்கிறான் அவன்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வருஷம் கட்டப்போகிறார்கள் என்றால், தளம் போடும் நாளுக்கு முன்னால் மேஸ்திரியிடமும் பொறியாளரிடமும் இந்த ஐந்தையும் கேட்கச் சொல்லுங்கள்.

1. தளத்துக்கு மேலே சூடு தடுக்க என்ன போடுகிறீர்கள்? எத்தனை அங்குலம்?

2. மேல்பூச்சு என்ன நிறம்? வெள்ளை டைல்ஸா, தட்டோடா, வெறும் சிமென்ட்டா?

3. மேற்குச் சுவரில் என்ன வருகிறது? அதற்கு நிழல் எங்கிருந்து?

4. ஒவ்வோர் அறையிலும் காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும்?

5. சன்ஷேட் எத்தனை அடி? அது உங்கள் ரேட்டில் சேர்ந்ததா, தனியா?

பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால் கோபப்பட வேண்டாம். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேர் கேட்டால், மூன்றாவது வீட்டுக்கு அவர்களே சொல்வார்கள்.